படத்துக்கு வீடு பார்க்கிற அக்கா

அக்கா எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் சுவரைத்தான் தொடுவாள். வீட்டுக்காரர்கள் "வாங்க, உக்காருங்க" என்பார்கள். "இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. அப்புறம் ஜன்னலைப் பார்ப்பாள்.

"இது மேக்கால பாத்த ஜன்னலுங்களா? இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட என்னங்க, பாத்ரூமா?"

அதற்குள் காபி வந்துவிடும். அதைத் தொட மாட்டாள்.

விஷயம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்கள், இந்த வீட்டுப் பையனுக்குச் சம்பந்தம் பேச வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அக்கா செய்தது கிட்டத்தட்ட அதேதான். அவள் வாட்டர்கலரில் படம் வரைந்து விற்க ஆரம்பித்திருந்தாள். விற்கிற ஒவ்வொரு படத்துக்கும் நேரில் போய் வீடு பார்த்த பிறகுதான் கொடுப்பாள்.

நான் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில், ஒரு ஃப்ரேம் கடையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம். பத்தாவதில் இரண்டு பாடம் போய்விட்டது, திருப்பி எழுதவில்லை. கண்ணாடி வெட்டுவேன், சட்டம் அடிப்பேன். எங்கள் கடைக்கு மூன்று ரகப் படம்தான் வரும். சாமி படம், கல்யாணப் படம், இறந்துபோனவர்கள் படம். அக்கா கொண்டுவந்தது நாலாவது ரகம்.

ரயில்வே காலனியின் தண்ணீர் டேங்க். அதன் பின்னால் மழை வரப்போகிற வானம். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, கோழிக்குஞ்சைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தாள்.

"ஈரமா இருக்கே?" என்றேன்.

"காஞ்சு நாலு நாளாச்சு கண்ணு. மழ வாராப்பல இருக்குதல்ல, அதனால அப்பிடித் தெரியுது. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அதைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பில் எங்கள் முதலாளி உள்ளே இருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"கண்ணாடி படத்து மேல ஒட்டக் கூடாது. நடுவுல மூச்சு உடற அளவுக்கு எடம் வேணும். முடியுமா?" என்றாள்.

"முடியும்."

"முடியும்ங்க-ன்னு சொன்னா வாய் வலிக்குமா? எந்த ஊரு நீ?"

"கெங்கவல்லி."

"அதான பாத்தேன்."

அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா. அவளுக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். ரயில்வேயில் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு சூரமங்கலம் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பையன் ஸ்கூலுக்குப் போனதும், அடுப்படி ஜன்னல் மேடையில் தாளை வைத்து வரைய உட்கார்ந்துவிடுவாள். அந்த வீட்டில் வெளிச்சம் வருகிற இடம் அது ஒன்றுதான். பிரஷ் கழுவுகிற டம்ளர் அடுப்புப் பக்கத்திலேயே இருக்கும். ஒருநாள் மாமா டூட்டி முடிந்து வெயிலில் வந்தவர், நன்னாரி சர்பத் என்று நினைத்து அதை எடுத்துக் குடித்துவிட்டார். குடித்துவிட்டு, "சக்கர பத்தல" என்றாராம். அக்கா இதைச் சொல்லாத ஆள் கிடையாது. மாமா பக்கத்தில் இருக்கும்போதுகூடச் சொல்வாள். அவரும் சிரிப்பார்.

அவர் நல்ல மனிதர். ஆனால் ஒரு பேச்சு பேசி வைத்திருந்தார். ஒரு வருஷம் படம் போடு, நான் வாயைத் திறக்க மாட்டேன். அதற்குள் கலருக்கும் தாளுக்குமாவது படம் விற்றே வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலைக்குப் போய்விட வேண்டும். தெரிந்தவர் ஒருவரிடம் வேலைக்கும் சொல்லி வைத்துவிட்டார். அக்கா சரி என்றுவிட்டாள். அவளுக்கு இருந்த கெடு அதுதான். எனக்கும் தெரியும். அதனால்தான் அவள் வீடு பார்க்கப் போய், காபி குடிக்காமல் எழுந்து வருகிற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும்.

முதல் படத்துக்கு அவள் வீடு பார்க்கவில்லை. அவளுடைய ஊர்ப்பக்கம் புதுவீடு கட்டிய ஒருவர், கொடிக்கால் படம் ஒன்றை வாங்கினார். பச்சையிலேயே பத்துப் பச்சை இருக்கும் அந்தப் படத்தில். நடுவில் வாய்க்கால் தண்ணீர் ஒரு கோடு. கண்ணாடி தானே போட்டுக்கொள்கிறேன் என்று வெறும் தாளாக வாங்கிப் போனார். போடவில்லை. ஹாலில் அப்படியே ஒட்டிவிட்டார். கோயில் நோம்பிக்கு ஊருக்குப் போன அக்கா, படம் எப்படி இருக்கிறது என்று ஆசையாகப் பார்க்கப் போனாள். அன்று வெள்ளிக்கிழமை. அவருடைய அம்மா வாசல் தெளித்து, வீடு கழுவி, சாமி படங்களை எல்லாம் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் அக்கா படமும் இருந்தது. வாய்க்கால் கொடிக்கால் எதுவும் இல்லை. ஒரே பச்சைத் தண்ணீராக வழிந்து, நடுவில் அழகாக ஒரு பொட்டு.

"தொடைக்கத் தொடைக்க அழுக்கு வந்துட்டே இருந்துச்சு சாமி. எத்தன வாரமா தொடைக்கறேன். இப்பத்தான் சுத்தமா ஆச்சு" என்றாராம் அந்த அம்மா.

கடைக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள், கண்ணாடி வெட்டுகிற மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"அந்த அம்மா பொட்டு வெச்சாங்க புள்ள. என்ற படத்துக்கு யாரு பொட்டு வெச்சாங்க இதுவரைக்கும்? அவிய மேல ஒரு தப்பும் இல்ல. ஊடு பாக்காம குடுத்தது நாந்தான்."

எங்கள் பக்கம் பெண் கொடுக்கிறதுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள். பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லையா, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். சுவர் பிடித்தால் காபி. பிடிக்காவிட்டால் தண்ணீர் மட்டும்.

ஒரு ஓட்டல்காரர் எங்கள் கடையில் மாட்டியிருந்த அக்காவின் ஏற்காடு மலைப் படத்தைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி மூன்று வேண்டும், மூன்று கடைக்கும் மாட்ட வேண்டும் என்றார். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றாள் அக்கா.

"அதனால என்னங்க, பிரிண்ட் போட்டுக் குடுங்க."

"ஒரு பொண்ண மூணு ஊட்டுக்குக் குடுக்க முடியுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். ஒன்றையே வாங்கிக்கொள்கிறேன் என்றார். அக்கா போய்ப் பார்த்து, தோசைக்கல் பக்கம் வேண்டாம், கல்லாவுக்குப் பின்னால் மாட்டுங்கள் என்று சொல்லி, ஒரு காபியும் குடித்துவிட்டு வந்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நான் சில சமயம் அதைப் பார்க்கிறதுக்காகவே அங்கே இட்லி சாப்பிடப் போவேன்.

இப்படி ஒன்றிரண்டு விற்றது. ஆனால் கெடு நெருங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான் ரிக் வண்டிக்காரர் வந்தார்.

அவருக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். காலமான அப்பாவின் படத்துக்குச் சட்டம் போட வந்தவர், சுவரில் இருந்த அக்கா படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். காய்ந்த கடலைக்காட்டில் ஒரு ரிக் வண்டி. சாயங்கால வானம் முழுக்க ரோஸ். வண்டியைச் சுற்றிப் பாறைத்தூள் புகையாக எழும்புகிறது. அந்தத் தூளுக்கு அக்கா கலரே போடவில்லை. வெள்ளைத் தாளை அப்படியே விட்டிருந்தாள்.

"என்ற அப்பாவோட மொத வண்டி இந்தக் கலருதானுங்க. இத நான் எடுத்துக்கறேன்" என்றார். விலையைக்கூட முழுசாகக் கேட்கவில்லை.

அந்த ஒரு படம் போனால் போதும், மாமாவிடம் தலைநிமிர்ந்து பேசலாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு, படத்தைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறினாள். "சும்மா ஒரு எட்டு ஊட்டப் பாத்துட்டு மாட்டிட்டு வந்தர்லாம்" என்றாள்.

பெரிய வீடு. ஹாலில் நுழைந்ததுமே எதிர்ச்சுவரைக் காட்டினார். "இங்கதானுங்க. வாரவங்க போறவங்க எல்லாரும் பாக்கோணும்."

அக்கா சுவரைத் தொட்டாள். சுடுகிறது என்று எனக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது. எதிரில் மேற்குப் பார்த்து ஆள் உயர ஜன்னல். சாயங்கால வெயில் முழுக்க அந்தச் சுவரில்தான்.

"இந்தச் செவுரு ஆகாதுங்க. வெயில் நேரா உழுகுது. இந்த ரோஸு ரெண்டு கோட தாங்காது, வெளுத்துப் போயிரும். அந்த மாடிப்படி ஏறற செவுரு குளுந்து கெடக்குதுங்க. அங்க வேணா மாட்டலாம்."

"மாடிப்படில மாட்டுனா யாருங்க பாப்பாங்க? ஏறும்போது காலப் பாப்பாங்களா, படத்தப் பாப்பாங்களா?"

"நீங்க தெனமும் ஏறுவீங்கல்ல."

அவர் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க, காசு குடுத்து வாங்கறவன் எங்க மாட்டோணும்னு நீங்க சொல்றீங்க. ஜாதகமும் பாக்கோணுமுங்களா?"

"செவுரு மட்டும் பாத்தாப் போதுங்க."

அவர் மனைவி பித்தளை டபராவில் காபி கொண்டுவந்து வைத்தார். நல்ல மணம். எனக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று கை பரபரத்தது. அக்கா தண்ணீர்ச் சொம்பை மட்டும் எடுத்து இரண்டு வாய் குடித்துவிட்டு, "வாரோமுங்க" என்று எழுந்துவிட்டாள். அவர் வாசல் வரைக்கும்கூட வரவில்லை.

பஸ் ஏறினோம். படம் அக்கா மடியில் இருந்தது. வெயில் படாத பக்கமாகச் சீட்டு மாறி உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா இப்படிப் பண்ற? அவரு சுவரு, அவரு வெளுக்க வச்சிட்டுப் போறாரு. உனக்கு என்ன? நாளைக்கு சூப்பர் மார்க்கெட்டுல போய் நிக்கப் போறியா?"

அக்கா படத்தின் மேல் போர்வையை இழுத்து மூடினாள்.

"எங்கூட்ல இருந்து யாரும் ஊடு பாக்க வரல புள்ள. ரயில்வே வேலைன்னு கேட்டதும் தரகர் ஊட்லயே எங்கப்பன் கை நனைச்சுட்டாரு. உங்க மாமன் தங்கமான மனுசன், அத நான் கொற சொல்லல. ஆனா அந்த ஊட்ல ஒரே ஒரு ஜன்னல். வந்த அன்னைக்கே பாத்தேன். யாராச்சும் ஒருத்தர் முன்னாலயே வந்து பாத்துருக்கலாமேன்னு இருந்துச்சு. அவ்ளோதான்." பிறகு என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "வேற ஊடு கெடைக்கும். மூஞ்சியத் தூக்கி வெக்காத, நல்லால்ல" என்றாள்.

அவளுக்கு வேறு வீடு தேட நேரம் கிடைக்கவில்லை. ஐப்பசி மழையில் டெங்கு வந்தது. ஒரு வாரம்கூட முழுசாக இல்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என்னைப் பார்த்துவிட்டு, கட்டில் பக்கத்தில் ஈரம் ஊறிய சுவரைக் கையால் தடவி, "ஓதம்" என்று முகத்தைச் சுளித்துச் சிரித்தாள். என்னிடம் பேசின கடைசி வார்த்தை அதுதான். எழுதும்போது சிரிப்பும் வருகிறது, எழுதவும் முடியவில்லை.

அவள் படத்துக்குச் சட்டம் போட்டது நான்தான். எங்கள் கடையில் மூன்றாவது ரகம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மூச்சு விடுகிற அளவுக்கு இடம் விட்டேன். போட்டோவுக்கு அது தேவையில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

இந்த வருஷம் மாமாவுக்கு ஈரோட்டுக்கு மாற்றல் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சாமான் கட்டுகிற அன்று என்னை வரச் சொன்னார். அடுப்படி ஜன்னலில் அக்கா ஒட்டிவைத்த தாள் துண்டு இன்னும் இருந்தது. எந்தக் கலர் வெயில் தாங்கும் என்று பார்க்க, கோடுகோடாகக் கலர் போட்டு, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி ஒட்டியிருந்தாள். மூடின பாதியில் ரோஸ் அப்படியே இருந்தது. திறந்த பாதி வெறும் தாளாகிவிட்டது. மாமா அதை நகத்தால் மெதுவாக உரித்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தண்ணீர் டேங்க் படத்தை அவரும் பையனும் எடுத்துக்கொண்டார்கள். மீதியெல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

"எனக்கு விக்கத் தெரியாது. புது எடத்துல எப்பிடி ஊடு கெடைக்குமோ. தெரிஞ்சவங்களுக்குச் சும்மா குடுத்துருவமா?" என்றார்.

"சும்மா வேணாம் மாமா. அக்கா விக்கறதுக்குத்தான் போட்டுச்சு" என்றேன். சொன்ன பிறகுதான், அப்படியென்றால் யார் விற்பது என்று யோசித்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. படத்தைப் பற்றி எதுவும் தெரியாது. சுவரைத் தொடத் தெரியும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கடைப் பரணில் வைத்தேன். ரிக் வண்டியை மட்டும் பழையபடி சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினேன்.

என்ன செய்வது என்று தெரியாமல் நாள் போய்க்கொண்டிருந்தபோது கடைக்கு ஒரு போன் வந்தது. "ஏனுங்க, அந்த ரிக்கு வண்டிப் படம் இன்னும் இருக்குதுங்களா?"

அதே போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். வாசலிலேயே நின்றிருந்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவங்க வரலீங்களா?"

சொன்னேன்.

அவர் திண்டாடிப் போய்விட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.  அப்புறம் அவர் மாடிப்படிப் பக்கம் கூட்டிப் போனார். சுவரில் ஒரு ஆணி இருந்தது. அதில் சாவிக்கொத்து தொங்கியது.

"நீங்க வந்து போன மறுவாரமே அடிச்சதுங்க இது. போன் பண்ணத்தான் மனசு வரல. காசு குடுக்கறவன் நாம, நாம எதுக்கு எறங்கிப் போறதுன்னு இருந்துட்டேன். அந்தச் சோபாவப் பாருங்க. வாங்குனப்ப நல்ல மெரூன் கலரு."

சோபா செங்கல் தூள் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

அவர் சாவியைக் கழற்றிவிட்டு, படத்தை வாங்கக் கை நீட்டினார். எனக்குக் கொடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஆணி அடித்து வைத்துக் காத்திருந்த மனிதர். இருந்தாலும் படத்தைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். குளிர்ந்து இருந்தது. ஓதம் இல்லை.

"இதுக்கு அந்தப் பக்கம் என்னங்க?"

"சாமான் ரூமுங்க. தண்ணி பைப்பு ஒண்ணும் ஓடல. நாந்தான நின்னு கட்டுனேன்."

"வெயில் எறங்குற வரைக்கும் இருந்து பாக்கணும்ங்க."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து, "உக்காருங்க. எனக்கும் வேல இல்ல" என்றார். அந்த அம்மா காபி கொண்டுவந்தார். அதே பித்தளை டபரா.

"அன்னைக்கு அவிய தொடாமப் போயிட்டாங்க. எனக்கு ரொம்ப நாளு மனசே ஆகல. நீயாச்சும் குடி சாமி."

"கொஞ்சம் இருங்கக்கா."

வெயில் ஜன்னல் வழியாக இறங்கியது. எதிர்ச்சுவரில் ஏறியது. சோபாவைத் தாண்டியது. தரையில் நீண்டுகொண்டே மாடிப்படியைப் பார்த்து வந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அவர் காலைக்கூட மேலே தூக்கி வைத்துக்கொண்டார், வெயிலுக்கு வழி விடுகிற மாதிரி. அது முதல் படிக்கட்டு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. பிறகு மங்கிவிட்டது.

படத்தை நானே மாட்டினேன். அந்த இருட்டுப் படிக்கட்டில் ரோஸ் வானம் பளிச்சென்று இருந்தது. ஈரத்துணி படவே கூடாது என்றேன். பொட்டு வைக்கிறதானால் சட்டத்தில் மட்டும் வையுங்கள் என்றேன். அந்த அம்மா தலையாட்டினார்.

"இன்னும் படம் இருக்குதுங்களா கண்ணு? என்ற தங்கச்சி பரமத்தி வேலூர்ல புதுசா ஊடு கட்டிருக்கறா" என்றார் அந்த அம்மா.

"இருக்குதுங்கக்கா. வந்து பாத்துட்டுத்தான் சொல்லணும்."

"பாத்தியா, இந்தப் புள்ளையும் அப்பிடித்தான்" என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். என்னைப் பார்த்து, "காபி ஆறிப் போச்சுங்களே. வேற போடச் சொல்லட்டுங்களா?" என்றார்.

"வேண்டாங்க" என்றேன். ஆடை கட்டியிருந்தது. விரலால் ஒதுக்கிவிட்டு, அழுதுகொண்டேதான் குடித்தேன். ஒரு சொட்டு வைக்காமல் குடித்தேன்.